சாவியின் பிள்ளை

அனுமதி மறுக்கப்பட்டது. பொதுச்சாவி.
அவ்வளவுதான் சொன்னது டெர்மினல்,
வந்தவர் முகம் பார்க்காமலே
கதவிடுக்கில் பேசும் குரலில்.

ரெலாவ், பதினான்காவது மாடி. இரவு பதினொன்றே கால்.
பழைய மடிக்கணினி தே தாரேக்கில் குளித்துச் செத்து
மூன்று நாளாகிறது.
கம்பெனி தந்த புதியதில்
பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கவில்லை.
காலையில் படகுத் துறையின் டிக்கெட் இயந்திரங்கள்
விழித்துக்கொள்வதற்குள்
என் நான்கு வரித் திருத்தம்
ரெப்போவுக்குள் போயாக வேண்டும்.

முதலில் குறுக்கு வழி.
பென்டிரைவில் ஒதுக்கிவைத்திருந்த பழைய சாவியை
இழுத்துப் போட்டேன்.
திரைக்குக் குறுக்கே வேலி கட்டிக் கத்தியது:
உன் தனிச்சாவியை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்,
இதை நான் தொட மாட்டேன்.
சரி. அறுநூறு என்று ஒரு கட்டளை.
நான் மட்டும் படிக்க, நான் மட்டும் எழுத.
வேலி போயிற்று. பதில் அதேதான்.

கியன் வெய்யை எழுப்பினேன்.
"பழைய சாவியெல்லாம் திங்கட்கிழமையே
துடைத்துவிட்டேன்லா, லோஷினி.
புதுசு செய்துகொள்."
பின்னால் அவன் குழந்தை வீறிட்டது. வைத்துவிட்டான்.

செய்தேன்.
இருபத்தைந்தாயிரத்து ஐந்நூற்றுப் பத்தொன்பது வகை,
மின்னஞ்சல் முகவரி, என்டர்.
மறைசொல் கேட்டது. தட்டத் தட்டத்
திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை,
இருட்டில் பொட்டு வைப்பதுபோல.
என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன்,
எழுதினால் மாற்ற வேண்டிவரும்.
ரேகை இதுதான் என்று ஒரு சின்னப் பெட்டிக்குள்
புள்ளியும் கூட்டலும் நட்சத்திரமும் தூவிக் காட்டியது,
பாதி தின்ற பசெம்போர் தட்டு.

இப்போது இரண்டு கோப்புகள்.
ஒரே பெயர்; ஒன்றுக்கு மட்டும் பப் என்று வால்.
வால் உள்ளதை அனுப்பு. வால் இல்லாததை
உயிரே போனாலும் அனுப்பாதே.

மலாயில் பூட்டுக்கு இபு குஞ்சி என்று பெயர்,
சாவியின் தாய்.
சாவிக்கு அனாக் குஞ்சி,
சாவியின் பிள்ளை.
பள்ளியில் படித்தபோது தலைகீழாகத் தோன்றியது.
தாயைத்தான் ஊருக்குள் அனுப்புகிறோம்,
எந்த வாசலிலும் தொங்கட்டும் என்று.
பிள்ளை வீட்டிலேயே இருக்கிறது, தலைகாட்டாமல்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்;
உருப்பெருக்கிக்குள் கண்ணை விட்டு
சில்லுகளுக்குத் தங்கக் கம்பி ஒட்டினாள் அம்மா.
ஃபேக்டரி பஸ் ஆரன் அடித்ததும்
கிரில்லை வெளியிலிருந்து பூட்டுவாள்.
உள்ளே நான், கழுத்தில் ஷூ லேசில் மாற்றுச் சாவி,
தீப்பிடித்தால் மட்டும்.
தீப்பிடிக்கவில்லை.
ஒருநாள் பிடித்ததாக வைத்துக்கொண்டு
கம்பிக்கு வெளியே கை நுழைத்துப்
பூட்டை என் பக்கம் திருப்பினேன்.
திறந்தது.
மறுபடி பூட்டிவிட்டேன்.
அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

பொதுச்சாவியை ஒட்டினேன். சேமி.
திரும்பவும் தட்டினேன்.
இந்த முகத்தை இதற்குமுன் பார்த்ததில்லை,
நம்பித் தொடரலாமா என்று கேட்டது.
எல்லோரையும்போல ரேகையை ஒப்பிடாமலே
ஆம் என்றேன்.

ஹாய் லோஷினி.
நீ யாரென்று உறுதியாயிற்று.
ஆனால் உள்ளே தங்க இடம் தருவதில்லை.

தங்க யார் வந்தது?
நான்கு வரி. மூத்தோரிடம் இரண்டு முறை
கட்டணம் பிடிக்கும் பிழை.
வைத்துவிட்டுப் போகிறேன்.

புஷ் போயிற்று. பன்னிரண்டு நாற்பது.
அடுத்த அறையில் இருமல்;
ஷிப்ட் பழக்கம், இந்நேரம் அவளுக்குத் தூக்கம் வராது.
நாளை முதல் படகில் பட்டர்வொர்த் போகிறாள்,
கண் டாக்டரிடம்.

"கிரில்லைப் பூட்டிட்டியா?"

பூட்டினேனா?
எழுந்துபோய்ப் பார்த்தேன்.